மரம் பிழைத்தது, மண் என்ன ஆச்சு? - ரப்பர் ரிட்லியின் வாழ்க்கை

காரின் சக்கரம், மருத்துவர் அணியும் கையுறை, வீட்டு மேசையில் கிடக்கும் ரப்பர் வளையம்... இயற்கை ரப்பரைத் தொடாமல் ஒரு நாளை ஓட்டுவது கஷ்டம். அந்த ரப்பரில் பெரும்பகுதி தென்கிழக்காசியாவிலிருந்துதான் வருகிறது. ஆனால் ரப்பர் மரம் இந்த வட்டாரத்து மரமே இல்லை. அதன் தாயகம் தென்னமெரிக்காவின் அமேசான் காடு.

அந்த மரம் இங்கே வேரூன்றக் காரணமாக இருந்தவர்களில் முக்கியமானவர் ஹென்றி நிக்கலஸ் ரிட்லி. சிங்கப்பூர்ப் பூமலையில் 20 ஆண்டுக்கும் மேல் பணியாற்றிய தாவரவியலாளர். மரத்துக்குச் சேதம் இல்லாமல் பால் எடுப்பது எப்படி என்று கண்டுபிடித்தவர்.

அதே கண்டுபிடிப்பு மலாயாவின் பல லட்சம் ஏக்கர் காட்டை அழிக்கவும் வழிவிட்டது. அந்தக் காட்டில் என்னென்ன செடிகொடிகள் இருந்தன என்று நமக்கு இன்று தெரிவதற்கும் பெரிய அளவில் காரணம் அதே ரிட்லிதான்.

உலகில் இன்று 150 கோடி ஹெக்டருக்கும் அதிகமான நிலத்தில் பயிர் செய்கிறார்கள். அந்த நிலம் எப்படி உருவானது, அதற்கு என்ன விலை கொடுத்தோம் என்று கேட்பவர்களுக்கு ரிட்லியின் வாழ்க்கை நல்ல எடுத்துக்காட்டு.

யார் இந்த ரிட்லி?

1855-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ஆம் தேதி இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் பிறந்தார். அப்பா பாதிரியார். ஆக்ஸ்ஃபர்ட் பல்கலைக்கழகத்தில் படித்த ரிட்லி, 1880-இல் லண்டனிலுள்ள பிரிட்டிஷ் அரும்பொருளகத்தின் தாவரவியல் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தார். காய்ந்த செடிகளை அட்டையில் ஒட்டி, பெயர் எழுதி, வகைப்படுத்தும் வேலை. 1887-இல் பிரேசிலுக்கு அருகே உள்ள ஃபெர்னாண்டோ டி நொரோன்யா தீவுக்கு ஆய்வுப் பயணம் போய்வந்தார்.

அடுத்த ஆண்டே வாழ்க்கை திசைமாறியது. 1888-இல் சிங்கப்பூர்ப் பூமலையின் இயக்குநராக வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு 32 வயது. பூமலையோடு நீரிணைக் குடியேற்றப் பகுதியின் காடுகளும் அவர் பொறுப்பில் வந்தன. அதாவது சிங்கப்பூரோடு மலாக்கா, பினாங்கு காடுகளையும் அவர்தான் கவனிக்கவேண்டும்.

அவர் வந்தபோது தீவு எப்படி இருந்தது?

ரப்பர் வருவதற்கு முன்னால் சிங்கப்பூர் முழுக்கப் பச்சைக் காடாக இருந்தது என்று நினைத்தால், அது தப்பு.

1883-இல், ரிட்லிக்கு முன்பு பூமலைக்குப் பொறுப்பாக இருந்த நத்தானியல் கேன்ட்லி ஓர் அறிக்கை கொடுத்திருந்தார். தீவில் பழைய காடு ஏறக்குறைய 7 விழுக்காடுதான் மிஞ்சியிருக்கிறது என்றது அந்த அறிக்கை. ராஃபிள்ஸ் வந்து 64 ஆண்டுதான் ஆகியிருந்தது.

மீதிக் காடு எங்கே போனது? பெரும்பகுதி காம்பியர் பயிருக்குப் போனது.

காம்பியர் ஒரு கொடி. அதன் இலையைப் பெரிய கொப்பரையில் வேகவைத்துச் சாறெடுத்து, இறுகவைத்து, கட்டியாக விற்பார்கள். தோல் பதனிடவும் சாயம் போடவும் ஐரோப்பாவில் அதற்கு நல்ல கிராக்கி இருந்தது. சீன விவசாயிகள் காம்பியரையும் மிளகையும் சேர்த்தே பயிரிட்டார்கள். வேகவைத்து மிஞ்சிய காம்பியர் இலை மிளகுக்கு உரமாகும்.

பார்க்க நல்ல ஏற்பாடுதான். சிக்கல் இரண்டு இடத்தில் இருந்தது. ஒன்று, கொப்பரை எரிய விறகு வேண்டும். தோட்டத்துக்கு வெட்டிய காடு போதாமல், விறகுக்கும் பக்கத்துக் காட்டை வெட்டினார்கள். இரண்டு, காம்பியர் மண்ணின் சத்தை வேகமாக உறிஞ்சும். 15, 20 ஆண்டில் நிலம் சோர்ந்துபோகும். விவசாயி அதை விட்டுவிட்டு அடுத்த காட்டுக்குப் போவார். விட்டுப்போன நிலத்தில் லாலான் புல் முளைக்கும். வெயில் காலத்தில் எளிதில் தீப்பிடிக்கும் அந்தப் புல், மற்றச் செடிகளைத் தலைதூக்க விடாது.

சிங்கப்பூரில் காடு தீர்ந்ததும் காம்பியர் ஜொகூருக்கு நகர்ந்தது.

ஜாதிக்காய் கதையும் சோகக் கதைதான். ஆர்ச்சர்ட் ரோடு பக்கமெல்லாம் ஒரு காலத்தில் ஜாதிக்காய்த் தோட்டங்கள். 1850-களின் பிற்பகுதியில் நோய் தாக்கியது. சில ஆண்டுகளில் தோட்டங்கள் அழிந்தன.

ஆக, ரிட்லி கையில் வந்தது ஏற்கெனவே களைத்துப்போன தீவு. மண்ணைத் தின்றுவிட்டு இடம் மாறும் பயிர்களுக்குப் பதிலாக, ஒரே இடத்தில் பல ஆண்டு நிலைக்கும் பயிர் ஒன்று வேண்டும். அதைத் தேடுவதும் பூமலையின் வேலைகளில் ஒன்று. பூங்கா என்ற பெயர் இருந்தாலும், அன்று அது ஒரு பயிர் ஆய்வுக்கூடம்.

22 கன்றுகள்

1876-இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலின் தபஜோஸ் ஆற்றுப் பகுதியிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டனின் கியூ தாவரப் பூங்காவுக்குக் கொண்டுபோனார். ரப்பர் விதையின் உயிர் சீக்கிரம் போய்விடும். 70,000-த்தில் சில ஆயிரம்தான் முளைத்தன. அவற்றில் பெரும்பாலானவை இலங்கைக்கு அனுப்பப்பட்டன.

1877-இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. சில பூமலையில் நடப்பட்டன. சில பேராக்கின் கோலக்கங்சாருக்குப் போயின. அவற்றில் ஒரு மரம் இன்னமும் கோலக்கங்சாரில் நிற்கிறது.

ரிட்லி வந்தபோது பூமலை மரங்களுக்கு 11 வயது. நன்றாக வளர்ந்திருந்தன. ஆனால் அவற்றை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை.

மரத்தைக் கொல்லாமல் பால் எடுப்பது எப்படி?

அமேசானில் ரப்பர் மரம் காட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கும். பால் எடுப்பவர்கள் சிறிய கோடரியால் பட்டையை வெட்டுவார்கள். வெட்டு ஆழமாகப் போனால் மரத்தின் உயிரடுக்கு காயப்படும். பட்டை மறுபடி சீராக வளராது, முடிச்சு முடிச்சாக வீங்கும். காட்டில் ஒரு மரம் வீணானால் அடுத்த மரத்தைத் தேடிப் போகலாம். தோட்டத்தில் அது முடியாது. நட்டுப் பல ஆண்டு காத்திருந்து வளர்த்த மரம் சில ஆண்டுகளில் பாழானால், முதலீடு செய்ய யார் வருவார்?

ரிட்லி அந்த இடத்தில்தான் வேலையைத் தொடங்கினார். 1890-களில் பூமலை மரங்களில் பலவிதமாக வெட்டிப் பார்த்தார். அவர் கண்டது இதுதான்: பால் குழாய்கள் பட்டையின் உள்பகுதியில் இருக்கின்றன, உயிரடுக்குக்குக் கொஞ்சம் வெளியே. எனவே உயிரடுக்கைத் தொடாமல் பட்டையில் மட்டும் சாய்வாக ஒரு கோடு போட்டால் போதும். அடுத்த தடவை புதுக் காயம் தேவையில்லை. பழைய கோட்டின் ஓரத்தில் மெல்லிய சீவலை எடுத்தால் பால் மறுபடி வடியும். முதல் வெட்டைவிட அடுத்தடுத்த சீவலில் பால் கூடுதலாகவே வந்தது. சீவிய இடத்தில் பட்டை மெல்ல வளர்ந்துவிடும். அதே மரத்தில் 20, 30 ஆண்டுக்குப் பால் எடுக்கலாம்.

நடுவில் ஒரு கோடு, இரண்டு பக்கமும் சாய்கோடுகள். மீன் முள்ளைப் போன்ற அந்த வெட்டு முறை ரிட்லியின் பெயரோடு ஒட்டிக்கொண்டது. வெயில் ஏறுவதற்குள் சீவினால் பால் அதிகம் வடியும். தோட்டப்புறங்களில் விடியுமுன்பே பெரட்டுக்கு ஆள் கூப்பிட்டதற்குக் காரணம் இதுதான்.

முதலில் யாரும் கேட்கவில்லை

ரிட்லி கையில் விதையோடு அலைந்தார். சந்திக்கும் தோட்ட முதலாளிகளின் சட்டைப் பையில் ரப்பர் விதைகளைத் திணிப்பார் என்று அவரைப் பற்றிக் கதை உண்டு. பைத்தியக்கார ரிட்லி என்று பட்டப்பெயர் வைத்தார்கள். மேலதிகாரிகள் சிலருக்கும் அவர் ரப்பரில் நேரத்தை வீணடிப்பதாக நினைப்பு. மலாயா முதலாளிகளுக்கு அன்று காப்பிதான் பெரிய பயிர்.

1896-இல் நிலைமை மாறத் தொடங்கியது. மலாக்காவில் டான் சே யான் என்பவர் புக்கிட் லிந்தாங்கில் 40 ஏக்கருக்குக் கொஞ்சம் கூடுதலான நிலத்தில் ரப்பர் நட்டார். அவர் அதற்குமுன் மரவள்ளிக்கிழங்கு பயிரிட்டு வந்தவர். மரவள்ளியும் காம்பியரைப்போல மண்ணைச் சீக்கிரம் சோரவைக்கும் பயிர். ஏறக்குறைய அதே சமயத்தில் சிலாங்கூரின் காஜாங் பக்கமும் காப்பித் தோட்டத்தில் ரப்பர் நட்டார்கள்.

பிரேசில் காப்பி உலகச் சந்தையில் குவிய, 1890-களின் இறுதியில் காப்பி விலை சரிந்தது. இன்னொரு பக்கம், ரிட்லி சிங்கப்பூர் வந்த அதே 1888-இல் டன்லப் காற்றடைத்த சக்கரத்துக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். முதலில் சைக்கிள், பிறகு கார். 1908-இல் ஃபோர்டின் மாடல் டி கார் வந்தது. 1910-இல் ரப்பர் விலை உச்சத்தைத் தொட்டது.

பைத்தியக்கார ரிட்லி, ரப்பர் ரிட்லி ஆனார். 1917-க்குள் பூமலை 70 லட்சத்துக்கும் அதிகமான ரப்பர் விதைகளை விநியோகித்திருந்தது. 1913-இல் ஆசியத் தோட்டங்களின் உற்பத்தி அமேசான் காட்டு ரப்பரை முந்தியது. 1920-களின் தொடக்கத்தில் மலாயாவில் மட்டும் 20 லட்சம் ஏக்கருக்கும் அதிகமான நிலம் ரப்பர் காடாகியிருந்தது. இன்றைய சிங்கப்பூரைப்போல் 10 மடங்குக்கும் அதிகமான பரப்பு. எல்லாம் ஏறக்குறைய 25 ஆண்டில்.

சிங்கப்பூரிலும் நீ சூன், மண்டாய், செம்பவாங் வட்டாரங்களில் ரப்பர்த் தோட்டங்கள் எழுந்தன.

காடு போன இடத்தில் என்ன நடந்தது?

மழைக்காட்டைப் பார்த்தால் மண் கொழுத்த மண் என்று தோன்றும். உண்மை வேறு. அங்கே சத்தில் பெரும்பகுதி மண்ணில் தங்குவதில்லை, மரம், இலை, வேர் எனச் செடிகொடிகளிலேயே இருக்கிறது. இலை விழும், மக்கும், வேர் உடனே உறிஞ்சிக்கொள்ளும். அந்தச் சுழற்சியை வெட்டி, எரித்துவிட்டால், சாம்பல் சத்து சில காலம் தாங்கும். பிறகு மண் தனியாக நிற்கும்.

ரப்பர் முதலாளிகளுக்கு இன்னொரு பயமும் இருந்தது. லாலான். சோர்ந்த காம்பியர் நிலங்களை லாலான் பிடித்ததை எல்லாரும் பார்த்திருந்தார்கள். அதனால் மரங்களுக்கு நடுவே ஒரு புல்கூட இல்லாமல் வழித்துச் சுத்தமாக வைத்தார்கள். துப்புரவான தோட்டம்தான் நல்ல தோட்டம் என்பது அன்றைய எண்ணம்.

இந்த வட்டாரத்து மழை எப்படிப்பட்டது என்று நமக்குத் தெரியும். ஒரு மணி நேரம் கொட்டினாலே கால்வாய் நிறையும். மூடாத சரிவில் அந்த மழை விழுந்தால் மேல்மண் கரைந்து ஓடும். மரத்துக்குச் சோறு போடுவதே அந்த மேல்மண்தான். சில சென்டிமீட்டர் மேல்மண் உருவாகப் பல நூறு ஆண்டுகள் ஆகலாம். அது சில மழைக்காலங்களில் ஆற்றில் கலந்தது. ஆறுகள் செம்மண் நிறத்தில் ஓடின, மேடு தட்டின. ஈயச் சுரங்கங்களின் கழிவும் அதோடு சேர்ந்துகொண்டது.

அந்தத் தோட்டங்களில் வேலை செய்தவர்கள் யார் என்று தமிழர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. தமிழ்நாட்டிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகவும் பிறகு கங்காணிகள் மூலமாகவும் லட்சக்கணக்கானோர் மலாயாவுக்கு வந்தார்கள். ஒப்பந்த முறை 1910-இல் நிறுத்தப்பட்டது. கங்காணி முறை 1930-களின் இறுதிவரை நீடித்தது. காட்டை அழித்தது, மரம் நட்டது, புல் வழித்தது, விடியற்காலையில் பால் சீவி மங்கில் பிடித்தது, காண்டா வாளியில் சுமந்தது... எல்லாம் அவர்கள் உழைப்பு.

காடு அழிந்ததன் விலையை முதலில் கொடுத்தவர்களும் அவர்களே. அதற்கு மலேரியா சாட்சி.

மலேரியாவைப் பரப்பும் கொசுக்களில் பல வகை உண்டு. கரையோரச் சதுப்புகளில் ஒரு வகை நிழலில் வளரும். காட்டை வெட்டி, வாய்க்கால் வெட்டினால் அது குறையும். மலைப் பகுதியில் இருந்த வகை நேர்மாறு. வெயில் படும் தெளிந்த ஓடைதான் அதற்குப் பிடித்த இடம். மரநிழலில் ஓடிய மலை ஓடைகள், காடு போனதும் வெயிலுக்கு வந்தன. கொசு பெருகியது. மலைத் தோட்ட லயங்களில் ஆட்கள் கொத்துக் கொத்தாகக் காய்ச்சலில் விழுந்தார்கள்.

கிள்ளான் பகுதியில் பணியாற்றிய மருத்துவர் மால்கம் வாட்சன் இந்த வேறுபாட்டை ஆராய்ந்து, எந்த வகைக் கொசு எங்கே வளர்கிறதோ அதற்கேற்பத் தடுப்பு வேலை செய்யவேண்டும் என்று காட்டினார். அது நடைமுறைக்கு வருவதற்குள் போன உயிர்கள் ஏராளம்.

தாமதமாக வந்த பாடம்

ரப்பர் மரத்தில் எங்கே வெட்டலாம், எங்கே வெட்டக்கூடாது என்று ரிட்லி 1890-களிலேயே அளந்து சொல்லிவிட்டார். நிலத்தை அதே கவனத்தோடு பார்க்க இன்னும் 30 ஆண்டு ஆனது.

1925-இல் மலாயா ரப்பர் ஆய்வுக் கழகம் அமைக்கப்பட்டது. மரங்களுக்கிடையே மண்ணை வெறுமையாக விடக்கூடாது என்ற கருத்து வலுப்பெற்றது. அவரை இனத்துப் படர்கொடிகளை நடத் தொடங்கினார்கள். அவை மூன்று வேலை செய்யும். மழைத்துளி நேரடியாக மண்ணில் அடிக்காமல் தடுக்கும். லாலானை அமுக்கும். வேர் முடிச்சுகளில் உள்ள நுண்ணுயிரிகள் மூலம் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணுக்குச் சேர்க்கும். சரிவுகளில் படிக்கட்டு மாதிரி மேடை வெட்டுவதும், ஓடும் மண்ணைப் பிடிக்கக் குழி தோண்டுவதும் பரவின.

வேடிக்கை என்னவென்றால், பெரிய தோட்டங்கள் ஏளனமாகப் பார்த்த சிறுதோட்டக்காரர்கள் இதில் முன்னால் இருந்தார்கள். கிராமத்து மலாய் விவசாயி இரண்டு மூன்று ஏக்கரில் மரங்களை நெருக்கமாக நட்டு, இடையே செடிகொடி வளர விட்டுவிடுவார். புல் வழிக்க அவரிடம் ஆளும் இல்லை, பணமும் இல்லை. அது சோம்பேறித்தனம், நோய் வரும் என்றார்கள் நிபுணர்கள். ஆனால் அந்த நிலங்களில் மண் ஓடவில்லை, மரமும் நன்றாகவே பால் கொடுத்தது. 1930-களில் ஆய்வாளர்களே இயற்கையாக வளரும் செடிகளைத் தோட்டத்தில் விட்டுவைப்பதன் நன்மைகளை எழுதத் தொடங்கினார்கள்.

ஒரே பயிர், ஒரே நிலம். ஆனால் பயிர் செய்யும் முறை மாறும்போது மண்ணின் கதியும் மாறியது.

காட்டைப் பதிவு செய்தவர்

இதெல்லாம் நடக்கும்போது ரிட்லி என்ன செய்துகொண்டிருந்தார்? காட்டுக்குள் இருந்தார்.

சிங்கப்பூர், ஜொகூர், பேராக், பகாங், பினாங்கு என்று சுற்றிச் செடிகளைச் சேகரித்தார். 1890-இல் கிறிஸ்துமஸ் தீவுக்குப் போனார். 1911-இல், 55 வயதில், தீபகற்பத்தின் ஆக உயரமான குனோங் தாஹான் மலைக்கு ஆய்வுப் பயணம் சென்றார். அறிவியல் உலகம் அதுவரை அறியாத நூற்றுக்கணக்கான செடி வகைகளுக்குப் பெயர் வைத்தார். 1907-இல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது.

காடுகளைப் பாதுகாக்கும் முயற்சியில் அவருக்குக் கிடைத்த வெற்றி ரப்பரில் கிடைத்த அளவு இல்லை. கேன்ட்லி காலத்தில் ஒதுக்கப்பட்ட வனப் பகுதிகளை அவர் கவனித்துவந்தார். பின்னர் அந்தப் பொறுப்பு பூமலையிடமிருந்து நிலவரி அதிகாரிகள் கைக்குப் போனது. ஒதுக்கப்பட்ட வனங்களில் பல காலப்போக்கில் கரைந்தன. புக்கிட் தீமா தப்பித்தது. ரிட்லி அடிக்கடி செடி சேகரித்த குன்று அது.

1912-இல் அவர் ஓய்வுபெற்று இங்கிலாந்து திரும்பி, கியூ பூங்காவுக்குப் பக்கத்தில் குடியேறினார். ஓய்வு என்பது பெயருக்குத்தான். 1922-க்கும் 1925-க்கும் இடையே மலாயாத் தீபகற்பத்தின் தாவரங்களைப் பற்றி ஐந்து தொகுதிகளில் பெரிய நூலை வெளியிட்டார். விதைகள் உலகெங்கும் எப்படிப் பரவுகின்றன என்பது பற்றிய நூல் 1930-இல் வந்தது. 80 வயதைத் தாண்டிய பிறகுதான் திருமணம் செய்துகொண்டார். 1956-ஆம் ஆண்டு அக்டோபர் 24-ஆம் தேதி, 100 வயதில், மறைந்தார். மலாயா சுதந்திரமடைய இன்னும் 10 மாதம் இருந்தது. சுதந்திர மலாயாவின் பொருளியல் தூண்களில் ஒன்று ரப்பர்.

அவர் சேகரித்த காய்ந்த செடிகள் பல இன்றும் பூமலையின் உலர்தாவரக் காப்பகத்தில் இருக்கின்றன. சிங்கப்பூரில் எந்தெந்த உயிரினங்கள் அழிந்துபோயின என்று ஆராய்பவர்கள் பழைய சேகரிப்புகளைத்தான் புரட்டிப் பார்க்கிறார்கள். 183 ஆண்டில் தீவின் இயற்கை வாழிடங்களில் 95 விழுக்காட்டுக்கும் அதிகமானவை போய்விட்டன என்றது 2003-இல் வெளிவந்த ஓர் ஆய்வு. எது இருந்தது என்று எழுதிவைத்தவர்கள் இல்லாவிட்டால், எது போனது என்றுகூட நமக்குத் தெரிந்திருக்காது.

ரிட்லியைக் குறை சொல்லலாமா?

சிலர் அவரைப் பொருளியல் நாயகன் என்கிறார்கள். சிலர் காட்டழிவின் தொடக்கம் என்கிறார்கள். இரண்டும் முழுக் கதை ஆகாது.

அவர் கொடுத்தது ஒரு முறை. 15 ஆண்டில் நிலத்தைக் கைவிடவைத்த காம்பியரோடு ஒப்பிட்டால், 30 ஆண்டு ஒரே இடத்தில் நிற்கும் மரம் மண்ணுக்கு எவ்வளவோ மேல். எவ்வளவு காட்டை, எவ்வளவு வேகத்தில், எந்தச் சரிவுவரை வெட்டுவது என்று முடிவெடுத்தது சந்தை விலை, லண்டன் முதலீடு, மலிவு விலையில் நிலம் கொடுத்த அரசாங்கம். ஆனாலும் விதையைக் கையில் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனவர் ரிட்லி. இந்த மரம் இத்தனை லட்சம் ஏக்கரில் வந்தால் என்ன ஆகும் என்ற கேள்வி அன்று யார் மேசையிலும் இல்லை.

இன்னொரு பிரச்சினையும் உண்டு. ஆசியத் தோட்டங்களின் ரப்பர் மரங்கள் கிட்டத்தட்ட எல்லாமே விக்கம் கொண்டுவந்த அந்த ஒரே விதைத் தொகுப்பின் வாரிசுகள். ஒரே குடும்பம், ஒரே பலவீனம். தென்னமெரிக்காவில் ஓர் இலை நோய் தோட்டம் தோட்டமாக ரப்பரை அழித்தது. 1928-இல் ஹென்றி ஃபோர்டு பிரேசிலில் தொடங்கிய பெருந்தோட்டத் திட்டம் தோற்றதற்கு அந்த நோயும் முக்கியக் காரணம். 1945-இல் அது கைவிடப்பட்டது. அந்த நோய் ஆசியாவுக்கு வராமல் கடுமையான தனிமைப்படுத்தும் விதிகள் காத்து வருகின்றன.

இன்று நிலைமை என்ன?

மலேசியாவில் ரப்பர் நின்ற நிலங்களில் பல செம்பனைக்கு மாறிவிட்டன. ரப்பரின் மையம் தாய்லந்து, இந்தோனேசியா, வியட்நாம் பக்கம் நகர்ந்திருக்கிறது. காடழிப்பு நிற்கவில்லை. 1993 முதல் தென்கிழக்காசியாவில் ரப்பருக்காக 40 லட்சம் ஹெக்டருக்கும் அதிகமான காடு அழிந்திருக்கிறது என்று துணைக்கோளப் படங்களை வைத்து நடத்திய ஆய்வு 2023-இல் தெரிவித்தது. அதுவரை நினைத்திருந்ததைவிட இது குறைந்தது இரண்டு மூன்று மடங்கு அதிகம்.

2020-ஆம் ஆண்டு முடிவுக்குப் பிறகு காடழித்த நிலத்தில் விளைந்த ரப்பர், செம்பனை, காப்பி போன்ற பொருள்களை விற்கத் தடை விதிக்கும் சட்டத்தை ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் நிறைவேற்றியது. அதன் அமலாக்கம் ஒன்றுக்கு மேற்பட்ட முறை தள்ளிவைக்கப்பட்டது. சிறுதோட்டக்காரர்கள் தங்கள் நிலத்தின் சரியான இருப்பிடத்தை நிரூபிக்க வேண்டியிருப்பது ஒரு பெரிய சிக்கல். ரப்பரில் பெரும்பகுதியை விளைவிப்பவர்கள் அவர்கள்தான்.

உலக அளவில் மண்ணில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தரம் குன்றியிருக்கிறது என்று ஐக்கிய நாட்டு உணவு, வேளாண் அமைப்பு கூறுகிறது. தேய்ந்த மண்ணை விட்டுவிட்டுப் புதுக் காட்டுக்குப் போகும் பழைய காம்பியர் வழி இனி செல்லாது. போவதற்கு அவ்வளவு காடு மிச்சமில்லை.

நிலம் எவ்வளவு நாள் நினைவில் வைத்திருக்கும்?

பதில் நம் ஊரிலேயே இருக்கிறது. கென்ட் ரிட்ஜ் பூங்காவின் சரிவுகளில் தியூப் தியூப் என்ற மரம் கூட்டமாக வளர்கிறது. சத்து ரொம்பக் குறைந்த, புளித்துப்போன மண்ணில் தாக்குப்பிடிக்கும் மரம் அது. அது கூட்டமாக நிற்கும் இடங்கள் பெரும்பாலும் காம்பியர், மிளகு போன்ற பயிர்கள் சோரவைத்துவிட்டுப் போன நிலங்கள். பயிர் போய் நூறாண்டுக்கு மேல் ஆகியும், பழைய காட்டு மரங்கள் அங்கே முழுதாகத் திரும்பவில்லை. சில கிலோமீட்டர் தள்ளி, வெட்டப்படாமல் தப்பிய புக்கிட் தீமாவில் அவை இன்னமும் நிற்கின்றன.

யுனெஸ்கோ 2015-இல் பூமலையை உலக மரபுடைமைத் தலமாக அறிவித்தபோது, ரப்பர் ஆய்வில் அதன் பங்கையும் கணக்கில் எடுத்துக்கொண்டது. ரிட்லியின் வெட்டு முறை இன்றும் பல மாற்றங்களோடு பயன்பாட்டில் இருக்கிறது. அதன் அடிப்படை எளிமையானது. மரம் எவ்வளவு தாங்குமோ அவ்வளவுதான் எடு, காயம் ஆற நேரம் கொடு. ஒரு மரத்துக்குப் பொருந்திய அந்தக் கணக்கை 150 கோடி ஹெக்டர் நிலத்துக்கும் போட்டாகவேண்டிய நிலையில் உலகம் இப்போது இருக்கிறது.